பைப் ஆர்கனா, டிஜிட்டல் ஆர்கனா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஆலயம் பழைய கல் கட்டடம். இருநூறு பேர் உட்காரலாம். வெளிநாட்டில் மூடிவிட்ட ஓர் ஆலயத்தின் பைப் ஆர்கன் இலவசமாகக் கிடைக்கிறது, கப்பல் செலவு மட்டும்தான் நம்முடையது என்கிறார் ஒருவர். கமிட்டியில் பாதிப் பேர் வாங்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் டிஜிட்டல் போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது?
*— குருசேகரச் செயலர், தருமபுரி*

பதில்: "இலவசம்" என்ற சொல்லை முதலில் ஓரமாக வையுங்கள். பிரிட்டனில் மூடிய ஆலயங்களின் ஆர்கன்கள் சும்மாவே கிடைப்பது உண்மைதான். கழற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள். பணம் கரைவது அதற்குப் பிறகு: கழற்றுவது, குழாய் குழாயாகப் பொதிவது, கப்பல், சுங்கம், இங்கே திரும்பப் பூட்டுவது, சுருதி சேர்ப்பது.

சின்ன ஆர்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவலில், அதாவது கையால் வாசிக்கும் கட்டை வரிசையில், 61 கட்டை என்றால் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது ஒரே தொனி தரும் குழாய் வரிசைக்கு, 61 குழாய். ஐந்து ஸ்டாப்புக்கு 305, காலால் மிதிக்கும் பெடலுக்கு 30, ஆக 335 குழாய்கள். மேல் ஸ்தாயியில் கடைசிக் குழாய் பென்சில் கனம். 8 அடி ஸ்டாப்பின் (அடி என்பது கீழ்ச்சுரத் திறந்த குழாயின் நீளம்) முதல் குழாய் உங்கள் வெஸ்ட்ரி அறைக் கதவை விட உயரம். பெடலில் 16 அடி ஸ்டாப் திறந்த குழாயாக இருந்தால் ஏறக்குறைய 5 மீட்டர் உயரம் வேண்டும். வாய் அடைத்த மரக்குழாயாக இருந்தால் அதே சுரம் பாதி உயரத்தில் வந்துவிடும், ஆனால் தொனி மெத்தென்று இருக்கும். வாங்கும் முன் கூரையின் உயரத்தை அளக்க வேண்டியது இதனால்தான். பல கமிட்டிகள் தரையை மட்டும் அளக்கின்றன.

அடுத்தது வெயில். குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும், சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் நூறில் மூன்று பங்கு. 20 டிகிரியில் வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்த குழாய் 35 டிகிரியில் 451-க்குப் போய்விடும். மார்கழி விடியற்காலை ஆராதனைக்கும் மே மாத பத்தரை மணி ஆராதனைக்கும் தருமபுரியில் இந்த வித்தியாசம் சாதாரணம். எல்லாக் குழாயும் சேர்ந்து ஏறினால் சபைக்குத் தெரியாது. ஆனால் ட்ரம்பெட், ஓபோ மாதிரி நாக்கு வைத்த குழாய்கள் அந்த அளவுக்கு ஏறாது. அவை இருந்த இடத்தில் இருக்க, மற்றவை மேலே போய்விட, இரண்டையும் சேர்த்துப் போட்டால் பல் கூசும். பக்கத்தில் 440-க்கு நிற்கும் கீபோர்டு வாசித்தால் கேட்கவே வேண்டாம்.

மரத்துக்கு வேறு பிரச்சினை. ஈரக் காற்றில் நூறு வருடம் நின்ற பலகை, நம் ஊர்ப் பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் சுருங்கி விரிசல் விடும். குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டியில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும். ஒரு கட்டையை அழுத்தும்போது பக்கத்துக் குழாயும் மெல்ல முனகும். இதைச் சரிசெய்யக் குழாய்களை எல்லாம் இறக்கிப் பெட்டியைத் திறக்க வேண்டும். துருத்தியில் ஒட்டியிருக்கும் ஆட்டுத்தோலை எலி விடாது. மரக்குழாயைக் கரையான் விடாது.

சுருதி சேர்க்க எப்போதும் இரண்டு பேர் தேவை: ஒருவர் கட்டையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே ஏணியில் நின்று குழாயின் மேல் வளையத்தை ஏற்றி இறக்க. வளையத்தைக் கையால் தொட்டால் அந்தச் சூட்டுக்கே குழாய் சுருதி ஏறும். ஆறும் வரை நின்று மறுபடி கேட்க வேண்டும். அவசரக்காரருக்கு ஒத்துவராத வேலை. இதை அறிந்த ஆள் உங்களுக்கு எத்தனை மணி நேரப் பயணத்தில் இருக்கிறார் என்று கமிட்டியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்தது.

பைப் ஆர்கனின் ஒலிக்கு டிஜிட்டல் சமம் என்று சொல்ல மாட்டோம். சென்னையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கிலோ செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலிலோ ஒரு ஞாயிறு உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். நூற்றுக்கணக்கான குழாய்கள் தனித்தனி இடத்தில் நின்று தனித்தனியாகக் காற்றை அசைக்கின்றன. இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸுக்குள் அதை அடைக்க முடியாது. இருந்தாலும் உங்கள் கடிதத்தில் உள்ள ஆலயத்துக்கு எங்கள் பதில் டிஜிட்டல்தான். ஒரு நிபந்தனை: மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பாக்ஸுக்கும் ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபயர்) ஒதுக்குங்கள். ஏன் என்பதற்கு அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: போன வருடம் இரண்டு மேனுவல், முழுப் பெடல் உள்ள நல்ல டிஜிட்டல் ஆர்கன் வாங்கினோம். கடையில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. ஆலயத்தில் மைக் செட்டோடு சேர்த்துப் போட்டால் கல்யாண மண்டபத்து கீபோர்டு மாதிரி இருக்கிறது. பெடலை மிதித்தால் ஒன்றுமே கேட்கவில்லை. ஆர்கன் பழுதா?
*— பாடகர் குழுத் தலைவர், கிருஷ்ணகிரி*

பதில்: ஆர்கன் பழுதில்லை. சுவரில் நீளவாக்கில் மாட்டியிருக்கும் உங்கள் தூண் வடிவ "காலம்" ஸ்பீக்கர்கள் பிரசங்கத்துக்குச் செய்தவை. பேச்சு தெளிவாக இருக்கட்டும் என்று கீழ்ச்சுரங்களை வேண்டுமென்றே வெட்டிவிடுவார்கள். பெடலில் 16 அடி ஸ்டாப்பின் கீழ் ஸா 32.7 ஹெர்ட்ஸ், 8 அடியில் அதே கட்டை 65.4 ஹெர்ட்ஸ். இந்த இரண்டும் அந்த ஸ்பீக்கர் வழியாக வெளியே வரவே வராது. அடித்தளம் கேட்காததால் வாசிப்பவர் வால்யூமை ஏற்றுகிறார், ஏறுவது மேல்சுரம் மட்டும். அதுதான் அந்தக் கல்யாண மண்டபச் சத்தம்.

ஆர்கனுக்குத் தனி ஆம்ப், தனி பாக்ஸ் வையுங்கள். மைக் மிக்சரில் கலக்க வேண்டாம். இருநூறு பேர் கூடும் ஆலயத்துக்கு 15 இஞ்ச் பாக்ஸ் இரண்டு, 18 இஞ்ச் சப் ஊஃபர் ஒன்று. வாட்ஸ் பார்க்கும்போது, தொடர்ந்து தாங்கும் திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண் கணக்கிலேயே சேராது. பாக்ஸ் ஒன்றுக்கு 300 முதல் 400 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். இருக்கட்டும். இவ்வளவு எதற்கு என்று பொருளாளர் கேட்பார். பேச்சு விட்டு விட்டு வரும், ஆம்ப் இடையில் மூச்சு வாங்கிக்கொள்ளும். ஆர்கனோ பாமாலையின் ஐந்து சரணமும் விடாமல் ஒலிக்கும். பேச்சுக்கு வாங்கிய ஆம்ப்பில் ஆர்கனை ஓட்டினால் மூன்றாம் சரணத்தில் சூடேறித் தானாக அணைவதும் இதனால்தான்.

80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கிராஸ் ஓவரில் பிரித்து சப்புக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரே ஸ்பீக்கர் கோன் பெடலின் பெரிய அலைக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே மேல்சுரத்தையும் பாட வேண்டியிருந்தால் மேல்சுரம் நடுங்கும். ஆர்கனின் பின்பக்கத்தில் கூடுதல் லைன் அவுட்கள் இருந்தால் கிரேட், ஸ்வெல் என்ற இரண்டு மேனுவல், பெடல் ஆகிய மூன்றையும் வேறு வேறு பாக்ஸுக்குப் பிரித்துவிடுங்கள். ஒலி ஒரே இடத்திலிருந்து வராமல் பரந்து வரும். பைப் ஆர்கனுக்குப் பக்கத்தில் போக இதைவிடக் குறுக்குவழி இல்லை.

பாக்ஸ் எங்கே? பாடகர் குழுவுக்குப் பின்னால், ஏழெட்டு அடி உயரத்தில், ஆலயத்தின் நீளவாக்கில் பார்த்தபடி. வாசல் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒலி 10 மீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மில்லி விநாடி ஆகும். பாடகர் குழு முன்னாலும் பாக்ஸ் 25 மீட்டர் பின்னாலும் இருந்தால் 70 மில்லி விநாடிக்கு மேல் பிந்தும். குழு ஆர்கனைக் கேட்டுப் பாடும், ஆர்கனிஸ்ட் குழுவைக் கேட்டு வாசிப்பார், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டு இழுபடும். "எங்கள் சபை இழுத்து இழுத்துப் பாடுகிறது" என்று வரும் புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் சபை அல்ல, பாக்ஸ்.

கடைசியாக எதிரொலி. 24 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று ஓர் ஆலயத்தை வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 1,440 கன மீட்டர். அதை 0.16-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி நிற்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். திறந்த ஜன்னலின் ஒவ்வொரு சதுர மீட்டரும் முழுதாக உறிஞ்சும், போன ஒலி திரும்பி வராது. உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் அரைச் சதுர மீட்டர். கல், பூச்சு, தரை எல்லாம் சேர்ந்து 27. பன்னிரண்டு ஜன்னல் 18. இருநூறு பேர் 100. ஆக 145, எதிரொலி 1.6 விநாடி. சனிக்கிழமை ஒத்திகையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதினைந்து பேர் பாடினால் கணக்கு 6 விநாடிக்கு மேல் காட்டும். பெஞ்சு, கதவு, இண்டு இடுக்கு எல்லாம் அதைக் குறைத்தாலும் ஞாயிற்றுக்கிழமையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. ஆகவே ஒலி அளவையும் ரிவர்பையும் (கருவி தானே சேர்க்கும் எதிரொலி) சனிக்கிழமை முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரைப் பத்து நிமிடம் உட்காரச் சொல்லி, ஜன்னல் திறந்திருக்க, அப்போது பாருங்கள்.

கேள்வி: ஆர்கன் வாங்க எங்களுக்கு வசதியில்லை. 61 கட்டை கீபோர்டு ஒன்று இருக்கிறது. "சர்ச் ஆர்கன்" டோனில் பாமாலை வாசித்தால் கீழே குழம்பிப்போகிறது, மேலே காது கிழிகிறது. என் விரலில்தான் கோளாறா?
*— ஆர்கனிஸ்ட் தம்பி, பாலக்கோடு*

பதில்: விரலைச் சந்தேகப்படும் முன் அமைப்பைப் பாருங்கள், தம்பி. கீபோர்டுகளில் "சர்ச் ஆர்கன்" என்று வருவது பெரும்பாலும் எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்ட ஒலி: கீழே 16 அடி, மேலே மிக்ஸ்ச்சர் என்ற கீச்சுச் சுர ஸ்டாப், போதாக்குறைக்குப் பெரிய கதீட்ரலின் ரிவர்ப். நாலு குரலை நெருக்கமாக வாசிக்கும் பாமாலைக்கு அது ஆகாது. இடது கையில் டெனரும் பேஸும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் வரும்போது 16 அடி அவற்றை இன்னும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கூழாக்குகிறது.

முதலில் ஸ்டைல், ரிதம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டச் ரெஸ்பான்ஸை ஆஃப் செய்யுங்கள். ஆர்கனில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான். ரிவர்பை நிறுத்துங்கள் அல்லது குறைந்தபட்சத்தில் வையுங்கள், ஆலயமே அதைக் கொடுக்கும். கோரஸ் எஃபெக்டும் வேண்டாம். சஸ்டெயின் பெடலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். பியானோ பழகியவர் கால் தானாக அதைத் தேடிப் போகும். பிறகு டோன் பட்டியலில் 8 அடி, 4 அடி மட்டும் ஒலிக்கிற மென்மையான ஆர்கனைத் தேடுங்கள். டிராபார் (ஒவ்வொரு அடியின் அளவையும் இழுத்துக் கூட்டும் தண்டு) உள்ள கீபோர்டு என்றால் வேலை சுலபம்: 8-ஐ முழுதாக, 4-ஐ முக்கால், 2-ஐக் கால் அளவு இழுங்கள், மற்றவை உள்ளே இருக்கட்டும். லெஸ்லி சுழலும் விளைவை நிறுத்துங்கள். பாமாலைக்கு அந்த நடுக்கம் சேராது.

பெடல் வேண்டுமா? கீபோர்டை ஸ்பிளிட் செய்து, கீழ் ஒன்றரை ஸ்தாயிக்கு மட்டும் 16 அடி சாயல் உள்ள டோனை அடக்கமாக வையுங்கள். இடது கை பேஸ் குரலை மட்டும் ஒற்றைச் சுரமாக வாசிக்கட்டும், வலது கை மேல் மூன்று குரலையும் எடுக்கட்டும். எட்டாத இடத்தில் டெனரை விட்டுவிடலாம், பேஸை விடக்கூடாது.

இனி விரல். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தால் மேல் குரலில் ஒவ்வொரு முறையும் எடுத்து வையுங்கள். ஆல்டோ, டெனரில் அதே சுரம் வந்தால் எடுக்காமல் பிடித்தே இருங்கள். எல்லாக் குரலையும் ஒன்றாக எடுத்து எடுத்து வைத்தால் சுத்தியல் அடி மாதிரி கேட்கும். எதையுமே எடுக்காவிட்டால் சபைக்குத் தாளம் தெரியாது. பாட்டின் ஒவ்வோர் அடியும் முடியும் இடத்தில் சபை மூச்சு வாங்கும் அளவுக்கு எல்லா விரலையும் தூக்குங்கள்.

நம் பாமாலையில் இன்னொரு சிக்கல் உண்டு. மெட்டு ஆங்கிலத்துக்கோ ஜெர்மனுக்கோ அமைந்தது, சொல் தமிழ். நீண்ட சுரத்தில் குறில் வந்து விழும், குட்டிச் சுரத்தில் நெடில் வந்து மாட்டும். சபை இயல்பாகவே குறிலைச் சட்டென்று விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்கு ஓடும், நெடிலை இழுக்கும். ஆர்கனிஸ்ட் அதன் பின்னால் ஓடினால் நாலாம் சரணத்தில் தாளமே இருக்காது. சுரத்தின் அளவை நீங்கள் விடாமல் பிடியுங்கள். இரண்டு சரணத்தில் சபை உங்களிடம் வந்து சேரும்.

சபைக்கு உயரம் எட்டவில்லை என்றால் டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பயன்படுத்துவதில் வெட்கம் எதற்கு? இரண்டரைக் கட்டையில் அச்சிட்ட பாட்டை இரண்டு கட்டைக்கோ ஒன்றரைக் கட்டைக்கோ இறக்கினால் முன்வரிசையைத் தாண்டியும் வாய் திறக்கும். ஆராதனை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள். அடுத்த வாரம் வயலின்காரர் முறைப்பார்.

கேள்வி: பழைய மிஷன் காலத்துக் கால் ஆர்மோனியம் ஒன்று வெஸ்ட்ரியில் கிடக்கிறது. மிதித்தால் பாதிச் சுரம் வருகிறது, இரண்டு சுரம் நிற்காமல் கத்துகிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
*— சபை மூப்பர், தேன்கனிக்கோட்டை*

பதில்: வேண்டாம். இந்தக் கடிதங்களில் வந்த கருவிகளிலேயே உங்கள் ஊர்த் தச்சரும் ஓர் ஆர்மோனிய ரிப்பேர்க்காரரும் சேர்ந்தால் பிழைக்க வைக்கக்கூடியது இது ஒன்றுதான்.

முதலில் துருத்தியைச் சோதியுங்கள். கட்டை எதையும் தொடாமல் இரண்டு மிதியையும் நன்றாக மிதித்து, காலை எடுத்துவிட்டுப் பாருங்கள். துருத்தி பத்து எண்ணுவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் காற்று ஒழுகுகிறது. பின்பலகையைக் கழற்றி, இருட்டில் உள்ளே ஒரு பல்பை வைத்தால் துணியின் மடிப்புகளில் ஊசி ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். நாலைந்து ஓட்டை என்றால் மேலே மெல்லிய தோல் ஒட்டலாம். மடிப்பு முழுதும் பொரிந்திருந்தால் ரப்பர் பூசிய பருத்தித் துணியால் முழுதாக மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் ரெக்சின் வேண்டாம், மடிப்பில் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒட்டுவதற்குக் காய்ச்சி ஊற்றும் வஜ்ஜிரம் தான் சரி. அடுத்த தடவை வெந்நீர் ஒற்றினால் பெயர்ந்து வரும். வெள்ளை மரப்பசையால் ஒட்டினால் அடுத்த ரிப்பேர்க்காரர் மரத்தோடுதான் பிய்க்க வேண்டும்.

ஊமையான சுரத்துக்குக் காரணம் பெரும்பாலும் ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தூசி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் தூள் இதற்கென்றே அரைத்த மாதிரி இருக்கும். முனை வளைந்த தட்டைக் கம்பியால் ரீடை அதன் பள்ளத்திலிருந்து இழுத்து, மென்மையான பிரஷால் நாக்கின் நீளவாக்கில் தட்டிவிட்டு அப்படியே திருப்பிச் செருகுங்கள். எண்ணெய் மட்டும் போடாதீர்கள். எடுக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வையுங்கள். கலந்துவிட்டால் ஒரு நாள் வீண். நிற்காமல் கத்தும் சுரத்துக்கு அந்தக் கட்டையின் அடியிலுள்ள மூடி சரியாக உட்காரவில்லை என்று பொருள். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கட்டை மாட்டிக்கொண்டிருக்கலாம், மூடியின் ஃபெல்ட்டை அந்து அரித்திருக்கலாம்.

சுருதி விலகிய ரீடைச் சேர்ப்பதற்கு விதி எளிது: நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இரண்டு இழுப்பு, நிறுத்திக் கேளுங்கள், மறுபடி இரண்டு இழுப்பு. சுரண்டிய பித்தளை திரும்பி வராது. அதைவிட முக்கியம், மொத்தமாக 440-க்குக் கொண்டுவர முயலாதீர்கள். பழைய பிரிட்டிஷ் கருவிகள் சில 452 அளவுக்குச் சேர்த்தவை. உங்களுடையதும் அப்படி இருந்தால் ரீடை விட்டுவிட்டு, கூட வாசிக்கும் கீபோர்டின் டியூனிங்கை 452-க்கு ஏற்றுங்கள். அது ஒரு பொத்தான் வேலை.

கேள்வி: கத்தோலிக்கத் திருவழிபாட்டில் டிஜிட்டல் ஆர்கனுக்கு அனுமதி உண்டா? தவக்காலத்தில் வாசிக்கலாமா?
*— எலத்தகிரி வாசகி*

பதில்: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, 120-ஆம் எண்ணில் பைப் ஆர்கனுக்குத் தனி மதிப்பு கொடுக்கிறது, அதே இடத்தில், தகுந்த அதிகாரம் உடையவர்களின் இசைவோடு வேறு கருவிகளையும் ஏற்கலாம் என்கிறது. அதற்கு முன்பு 1958-இல் வந்த இசை அறிவுரை, சின்னப் பைப் ஆர்கனுக்குக்கூட வழியில்லாத இடத்தில் மின்னணு ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. "தற்காலிகம்" உலகம் முழுக்க அறுபது வருடத்தைத் தாண்டிவிட்டது. தவக்காலத்தில் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும் வாசிக்கலாம், பாட்டு இல்லாத இடத்தில் தனி வாசிப்பு கூடாது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள் இதற்கு விலக்கு. மேற்கொண்டு உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள்.

கேள்வி: ஆர்கனை ஆன் செய்தாலே "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். கரண்ட் போய் வந்தால் ஸ்டாப் அமைப்பெல்லாம் மாறிவிடுகிறது.
*— பென்னாகரம் வாசகர்*

பதில்: இரண்டும் வெவ்வேறு வியாதி. இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம், ஆர்கன் ஒரு பிளக்கிலும் ஆம்ப் வேறு மூலையில் வேறு பிளக்கிலும் இருப்பது. இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசம் கேபிள் வழியாக ஓடி இரைகிறது. இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். முடியாவிட்டால் நடுவே டி.ஐ. பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் கேபிளுக்கு ஏற்ப மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டுங்கள். சாதாரண ஜாக் கேபிள் ஐந்தாறு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் டி.ஐ. பாக்ஸிலிருந்து எக்ஸ்.எல்.ஆர். கேபிள். சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு "இரைச்சல் போச்சு" என்பார்கள். இரைச்சல் போகும், மழை நாளில் ஈரக் காலோடு பெடல் மிதிப்பவரும் போகக்கூடும்.

அமைப்பு மாறுவதற்கு ஆர்கனுக்கு மட்டும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். போதும், ஆம்ப்பை அதில் சேர்க்காதீர்கள். வாங்கும்போது சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் புதிதாக ஒரு இரைச்சல் வந்து சேரும். இடி மின்னல் நேரத்தில் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். மூடி வைக்கப் பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் வியர்க்கும், அந்த இருட்டில் எறும்பும் பல்லியும் குடும்பம் நடத்தும்.

கேள்வி: லேப்டாப்பில் உண்மையான பைப் ஆர்கன் ஒலியைக் கொண்டுவரலாம் என்கிறார்களே, ஆராதனைக்கு நம்பலாமா?
*— ஐ.டி. வேலை பார்க்கும் வாசகர், ஓசூர்*

பதில்: ஒலியை நம்பலாம். இதற்கென்று உள்ள மென்பொருள்களில் ஹாப்ட்வெர்க் காசு கொடுத்து வாங்குவது, கிராண்ட்ஆர்கு இலவசம். இரண்டும் ஓர் உண்மையான ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பதிவு செய்த தொகுப்பை மெமரியில் ஏற்றிக்கொண்டு ஒலிக்கின்றன. சின்ன ஆர்கனுக்கு 16 ஜி.பி. மெமரி தாராளம். மிடி வசதியுள்ள (அழுத்திய கட்டையைக் கணினிக்குச் சொல்லும்) 61 கட்டை கீபோர்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் சேருங்கள். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து எடுக்காதீர்கள். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 256 என்றால் தாமதம் 5 மில்லி விநாடி சொச்சம், விரலுக்குத் தெரியாது. 1,024-க்கு விட்டால் 21 ஆகும், வேகமான பாட்டில் தெரியும்.

தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய கதீட்ரலின் ஆறேழு விநாடி எதிரொலியோடு பதிந்த தொகுப்பு ஹெட்போனில் சொர்க்கம். உங்கள் ஆலயத்தின் எதிரொலியோடு சேர்ந்தால் பாட்டின் சொல்லே புரியாது. ஆலயத்துக்கு, குழாயின் பக்கத்திலேயே மைக் வைத்து எதிரொலி இல்லாமல் பதிந்ததை எடுங்கள்.

நம்பக்கூடாதது லேப்டாப்பை. அந்த லேப்டாப் ஆர்கனுக்கு மட்டும் இருக்கட்டும், அலுவலக லேப்டாப் வேண்டாம். வைஃபையை அணைத்து, அப்டேட்டை நிறுத்தி, ஸ்கிரீன் சேவரையும் ஸ்லீப்பையும் எடுத்துவிடுங்கள். கீபோர்டுகளில் ஒன்று சொந்த ஆர்கன் டோன் உள்ளதாகவும், அதன் லைன் அவுட் ஏற்கெனவே மிக்சரில் செருகியபடியும் இருக்கட்டும். நற்கருணைப் பாட்டின் நடுவில் திரை நீலமானால் ஒரு ஃபேடரை ஏற்றினால் போதும், அடுத்த அடியைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: பாமாலைக்கு ஆர்கன் சரி. கீர்த்தனைக்கும் அதையே வாசிக்கலாமா?
*— ஊத்தங்கரை வாசகர்*

பதில்: கமகத்துக்கு ஆர்கனில் இடமில்லை, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப் போகிற பாதையே கட்டையில் கிடையாது. கீர்த்தனையில் நாலு குரலையும் ஒன்றாக அழுத்தும் கார்டு (chord) போட்டால் ராகத்தில் இல்லாத சுரம் ஆல்டோவிலோ டெனரிலோ நுழைந்துவிடும். வயலினோ ஆர்மோனியமோ பாட்டைத் தூக்கிக்கொண்டு போகட்டும். ஆர்கனில் 8 அடி ஃபுளூட் ஒன்றை மட்டும் இழுத்து, ஸாவும் பாவும் பிடித்து, தம்பூரா இருக்கும் இடத்தில் இருங்கள். மத்தியமத்தில் நிற்கும் ராகமாக இருந்தால் பாவை விட்டு மாவைப் பிடியுங்கள். அன்றைக்குப் பெடலுக்கு விடுமுறை.